மீகாமனும் கர்ணமும்

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு. சின்ன மகள் சென்னையிலிருந்து நைனார்பாளையத்துக்கு வந்திருந்தாள். அதிரச வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, பதினோரு மணி வாக்கில் அவளுடைய செல்போன் விடாமல் அடித்தது. லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசினாள். திண்ணையில் படுத்திருந்த என் காதில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக விழுந்தது.

“பாட் செத்துடுச்சு. விடுங்க, தானா வேற ஒண்ணு வந்துடும்.”

எனக்கு இருந்த தூக்கமும் போய்விட்டது. நாளும் கிழமையுமாக என்ன பேச்சு இது என்று எழுந்து உள்ளே போனேன்.

“என்னம்மா, யாரு செத்தது?”

“ஐயோ, ஆளில்லப்பா. கம்ப்யூட்டர்ல ஓடுற ஒரு சின்னப் பெட்டி. ஒண்ணு போனா இன்னொண்ணு தானா வரும். அதைப் பார்த்துக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. நீங்க வி.ஏ.ஓ.வா இருந்தவர்தானே, உங்களுக்கு மத்தவங்களை விடச் சீக்கிரம் புரியும்.”

தீபாவளி முடிந்து அவள் கிளம்பும் வரை, மூன்று நாளும் இதே பேச்சுதான். அவள் போன பிறகு நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நாற்பது வருடத்துக்கு முன் நான் செய்த ஒரு தவறு திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பெட்டியின் வரலாறு.

பெட்டி வந்த கதை

மகளுடைய கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ‘கன்டெய்னர்’ என்றுதான் பெயர். நெடுஞ்சாலையில் நீளமான லாரிகளின் மேல் போகிறதே, அந்த இரும்புப் பெட்டியைப் பார்த்து வைத்த பெயர்.

அந்த இரும்புப் பெட்டிக்கு முன்னால் துறைமுகம் எப்படி இருந்தது என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி, பருத்திப் பொதி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஆட்கள் கையில் கொக்கியோடு நின்று ஒவ்வொன்றாக இறக்குவார்கள். கப்பல் கடலில் ஓடிய நாளை விடக் கரையில் கட்டிக் கிடந்த நாள் அதிகம் என்றுகூடச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்று ஒரு லாரி முதலாளி. லாரியில் இருக்கும் சரக்கை இறக்கி மறுபடி கப்பலில் ஏற்றுவானேன், லாரியின் பெட்டியையே கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஒரு டன் சரக்கைக் கையால் ஏற்ற அப்போது சுமார் 5 டாலர் 86 சென்ட் செலவு. பெட்டியாக ஏற்றியதில் 16 சென்ட்டுக்கும் குறைவு.

பெட்டி மட்டும் இருந்தால் போதாது. எந்த நாட்டுப் பெட்டியானாலும் எந்த நாட்டுக் கிரேனும் தூக்க வேண்டும், எந்த லாரியிலும் உட்கார வேண்டும். அதற்காக அறுபதுகளில் உலக நாடுகள் கூடிப் பேசி, நீளம், அகலம், மூலையில் பூட்டு மாட்டும் துளை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைத்தார்கள். இருபதடி, நாற்பதடி என்ற கணக்கு அப்படி வந்ததுதான். உள்ளே அரிசியா, ஆட்டுத்தோலா என்று கிரேன்காரருக்குக் கவலை இல்லை. அவருக்கு நான்கு மூலை சரியாக இருந்தால் போதும். பெட்டியின் சூட்சுமமே அதுதான்.

இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் 1973-ல் கொச்சியில் வந்திறங்கியது. கன்டெய்னருக்கென்றே கட்டப்பட்ட நாட்டின் முதல் முனையம் நம் சென்னைத் துறைமுகத்தில்தான், 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. கொக்கிக்காரர்களின் வேலை மெல்ல மெல்லக் கிரேனுக்குப் போனது. துறைமுகத் தொழிலாளர்களுக்கு வேலையை முறைப்படுத்தவென்று 1948-லேயே தனிச்சட்டம் போட்ட நாடு இது. ஆனால் ஒரு பெட்டியை எதிர்த்துச் சட்டத்தால் எவ்வளவு காலம் நிற்க முடியும்?

கம்ப்யூட்டருக்குள் லைன் வீடு

கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இதே மூட்டைத் தொல்லைதான் இருந்திருக்கிறது. ஒருவர் தன் மேசையில் எழுதிய ப்ரோக்ராம் அங்கே நன்றாக ஓடும். கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் படுத்துவிடும். அது எதிர்பார்த்த துணை ப்ரோக்ராம் அங்கே இருக்காது, இருந்தாலும் பழையதாக இருக்கும். “என் மிஷின்ல ஓடிச்சே சார்” என்பது அந்தத் தொழிலில் பழமொழி மாதிரி என்றாள் மகள்.

முதலில் கண்டுபிடித்த வழி, ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல பொய்க் கம்ப்யூட்டர்களை உண்டாக்குவது. ஒவ்வொன்றுக்கும் தனி அஸ்திவாரம், தனிக் கிணறு, தனிச் சுற்றுச்சுவர். பத்திரம்தான், ஆனால் செலவு அதிகம், எழுந்து நிற்க நேரமும் ஆகும்.

கன்டெய்னர் என்பது லைன் வீடு மாதிரி. அஸ்திவாரம் ஒன்று, கூரை ஒன்று, கிணறு ஒன்று. ஆனால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. உள்ளே இருப்பவருக்குப் பக்கத்துப் போர்ஷன் கண்ணுக்கே தெரியாது. இதற்கான முதல் சுவர் 1979-லேயே யூனிக்ஸில் எழுந்துவிட்டது. ‘சி.எச்.ரூட்’ என்று ஒரு கட்டளை, ஒரு ப்ரோக்ராமை ஒரே அறைக்குள் அடைத்துவிடும். 2000-ல் ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் அதையே பலப்படுத்தி ‘ஜெயில்’ என்று பெயர் வைத்தார்கள். 2006-ல் கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோகித் சேத்தும், ஒவ்வொரு போர்ஷனுக்கும் இவ்வளவு நினைவகம், இவ்வளவு கணிப்பு நேரம் என்று அளந்து கொடுக்கும் முறையை லினக்ஸுக்காக எழுத ஆரம்பித்தார்கள். ரேஷன் கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008-ல் அது லினக்ஸின் அங்கமாகிவிட்டது.

சுவரும் இருந்தது, ரேஷனும் இருந்தது. ஆனாலும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் சிலபேர்தான். 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் ஒரு மாநாட்டில் ஐந்தே நிமிடம் பேசி ‘டாக்கர்’ என்ற கருவியைக் காட்டினார். டாக்கர் என்றால் துறைமுகத் தொழிலாளி. ப்ரோக்ராமையும் அதற்கு வேண்டிய சகல சாமானையும் ஒரே பெட்டியில் கட்டி, எந்த லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் அப்படியே இறக்கி ஓட்டலாம் என்று ஆக்கியவர் அவர். முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான் அதன் சின்னம். மெக்லீனின் நான்கு மூலைத் துளை கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது.

மீகாமன்

பெட்டி சுலபமானதும் அடுத்த தலைவலி. பத்துப் பெட்டி என்றால் ஒரு ஆள் பார்த்துக்கொள்வார். பத்தாயிரம் பெட்டி, ஆயிரம் கம்ப்யூட்டர் என்றால்? எந்தப் பெட்டி எந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது? ஒரு கம்ப்யூட்டர் நடுராத்திரியில் கெட்டுப்போனால் அதிலிருந்த பெட்டிகளின் கதி? திருவிழாக் கூட்டம் மாதிரி ஆட்கள் வந்து குவிந்தால் பெட்டிகளைக் கூட்டுவது யார், கூட்டம் கலைந்ததும் குறைப்பது யார்?

இந்தக் கேள்வி கூகுளுக்கு மற்றவர்களுக்குப் பத்து வருடம் முன்பே வந்துவிட்டது. 2003, 2004 வாக்கிலேயே அவர்கள் ‘போர்க்’ என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து, தங்கள் தேடல், ஜிமெயில் எல்லாவற்றையும் அதன்மேல் ஓட்டினார்கள். அதன் அமைப்பை விரிவாக வெளியுலகுக்கு எழுதிக் காட்டியது 2015-ல்தான். போர்க்கின் ஒரு தொகுதியில் சுமார் பத்தாயிரம் கம்ப்யூட்டர்கள் இருக்கும் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

அந்த அனுபவத்தை வைத்து ஜோ பீடா, பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மெக்லக்கி முதலியவர்கள் எல்லோரும் பயன்படுத்தும்படி புதிதாக ஒன்றை எழுதினார்கள். 2014 ஜூனில் அதை இலவசமாகவே வெளியிட்டது கூகுள். பெயர் ‘குபர்நெட்டிஸ்’. 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தபோது ஒரு பொது அமைப்பின் கையில் அதை ஒப்படைத்துவிட்டார்கள்.

குபர்நெட்டிஸ் என்பது கிரேக்கச் சொல், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவன் என்று பொருள். நம் பழந்தமிழில் அவனுக்கு மீகாமன் என்று பெயர். சில வருடம் முன்பு ஆர்யா நடித்து அந்தப் பெயரில் ஒரு படம்கூட வந்தது. குபர்நெட்டிஸின் சின்னம் ஏழு ஆரங்கள் உள்ள சுக்கான் சக்கரம். போர்க் என்ற பெயரே ‘ஸ்டார் டிரெக்’ தொடரிலிருந்து எடுத்ததுதான். அதே தொடரில் வரும் ‘செவன்’ என்ற பாத்திரத்தின் பெயரை இதற்கு முதலில் ரகசியப் பெயராக வைத்திருந்தார்களாம். அந்த ஏழுதான் சக்கரத்தில் தங்கிவிட்டது.

போட்டிக்கு வேறு மீகாமன்களும் இருந்தார்கள். டாக்கர் கம்பெனியே ‘ஸ்வார்ம்’ என்று ஒன்று வைத்திருந்தது. ஆனால் 2017-ல் அவர்களும் குபர்நெட்டிஸைத் தங்கள் சரக்கோடு சேர்த்துத் தருவதாக அறிவித்துவிட்டார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் பார்த்தார்கள். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத் இறுதிப் போட்டியை 5 கோடியே 90 லட்சம் பேர். அந்த நிறுவனம் தன் பெட்டிகளைக் குபர்நெட்டிஸ் மேல் ஓட்டுவதாக அதன் பொறியாளர்களே எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டில் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்தபோது, எங்கேயோ ஒரு மீகாமன் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம்.

தாலுகா ஆபீஸ் மாதிரி

மீகாமன் என்றதும் ஒரு பெரிய அதிகாரி உட்கார்ந்து, நீ இதைச் செய், நீ அதைச் செய் என்று ஆயிரம் பேருக்கு உத்தரவு போடுவார் என்றுதான் நான் நினைத்தேன். மகள் சிரித்தாள்.

“அப்படி ஒருத்தர் இருந்தா, அவர் படுத்தா எல்லாம் படுத்துடும்பா. இங்க யாரும் யாரையும் கூப்பிட்டு வேலை சொல்றதில்ல. எல்லாரும் ஒரு ரிஜிஸ்டரைப் பார்க்கிறாங்க. அவ்வளவுதான்.”

ரிஜிஸ்டர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பெயர் ‘எட்சிடி’. 2013-ல் எழுதப்பட்டது. ‘இருக்க வேண்டியது இது’ என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். உதாரணமாக, டிக்கெட் விற்கும் பெட்டி எப்போதும் ஐந்து ஓடவேண்டும் என்று எழுதலாம். ‘இப்போது இருப்பது இது’ என்பதும் அதிலேயே தனியாக எழுதப்படும். நம் அடங்கலை நினைத்துப் பாருங்கள். பட்டாதாரர் பெயரும் பரப்பும் ஒரு பக்கம், இந்தப் பசலியில் உண்மையில் என்ன பயிர் நிற்கிறது என்பது இன்னொரு பக்கம். கிட்டத்தட்ட அதேதான்.

அந்த ரிஜிஸ்டரை யாரும் நேராகத் தொட முடியாது. ‘ஏ.பி.ஐ. சர்வர்’ என்ற ஜன்னல் வழியாகத்தான் எல்லாம். வருகிறவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா, மனு சரியான படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பதிவாகும். தபால் பிரிவில் சீல் குத்தாத மனு தாசில்தார் மேசைக்குப் போகாதே, அதுபோல.

அடுத்து ‘கன்ட்ரோலர்’கள். இவர்கள் வருவாய் ஆய்வாளர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலை. இருக்க வேண்டியதையும் இருப்பதையும் ஒப்பிட்டுக்கொண்டே இருப்பது. ஐந்து என்று எழுதியிருக்கிறது, நான்குதான் இருக்கிறது என்றால், ஒன்று கூட்டச் சொல்லி எழுதுவது. ஆறு இருந்தால் ஒன்றைக் குறைக்கச் சொல்வது. புறம்போக்கு என்று கணக்கில் இருந்து, தரையில் குடிசை இருந்தால் நாங்கள் பி மெமோ கொடுப்போமே, அந்த வேலைதான். நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்ததை இவர்கள் ஓயாமல், ராப்பகலாகச் செய்கிறார்கள்.

புதிய பெட்டி எந்தக் கம்ப்யூட்டருக்குப் போவது என்று முடிவு செய்பவர் ‘ஷெட்யூலர்’. தேர்தல் நேரத்தில் யாரை எந்தச் சாவடிக்குப் போடுவது என்று பட்டியல் போடுகிறவர் மாதிரி. முதலில் பொருந்தாதவற்றை அடித்துவிடுவார். மிஞ்சியதற்கு மதிப்பெண் போட்டு, நல்லதைத் தேர்ந்தெடுத்துப் பெயரை எழுதுவார். எழுதுவதோடு சரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது அவர் வேலை இல்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ‘க்யூப்லெட்’ என்று ஒரு தலையாரி இருக்கிறார். ரிஜிஸ்டரில் தன் ஊர்ப் பெயர் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். விழுந்ததும் பெட்டியை இறக்கி ஓட வைப்பார். நடுவில் நின்றால் மறுபடி ஓட்டிப் பார்ப்பார். தான் உயிரோடு இருப்பதாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை தகவல் அனுப்புவார். வழக்கமான ஏற்பாட்டின்படி சுமார் 40, 50 விநாடி அவரிடமிருந்து தகவல் இல்லை என்றால் ‘அந்த ஊர் தொடர்பில் இல்லை’ என்று குறித்துவிடுவார்கள். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அங்கிருந்த பெட்டிகளுக்குப் பதில் வேறு ஊரில் புதுப் பெட்டிகள் எழும். தீபாவளி இரவில் என் மகள் “தானா வந்துடும்” என்றது இதைத்தான். அவர்கள் பேச்சில் பாட் என்பது ஒன்றோ சிலவோ பெட்டிகள் சேர்ந்த ஒரு சிறு குடித்தனம். செத்த பாட் எழுந்து வருவதில்லை. அதே மாதிரி வேறொன்று வருகிறது.

பெட்டி ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தால் அதைத் தேடி வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதற்காக ‘சர்வீஸ்’ என்று ஒரு நிலையான பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், இப்போது ஓடுகிற ஏதாவது ஒரு பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிடும். ‘மணியக்காரர் வீடு எது’ என்று கேட்டால் ஊரில் வழி காட்டுவார்கள், மணியக்காரர் யார் என்பது மாறலாம். நம் நைனார்பாளையமே தென்னாற்காட்டில் இருந்தது, 1993-ல் விழுப்புரத்துக்குப் போனது, 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. பெயர் நிற்கிறது, தேடி வருகிறவர் வந்து சேர்ந்துவிடுகிறார்.

“ரிஜிஸ்டரே எரிஞ்சு போச்சுன்னா?” என்று கேட்டேன். நாங்கள் எல்லோரும் பயந்த விஷயம் அது.

அதற்கு மூன்று அல்லது ஐந்து பிரதிகள், தனித்தனிக் கம்ப்யூட்டர்களில் வைக்கிறார்கள். ஒரு வரி பதிவாக வேண்டுமென்றால் பெரும்பான்மை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று. அவர்களுக்குள் ஒருவர் தலைவர். தலைவர் சத்தம் இல்லாமல் போனால் மற்றவர்கள் ஓட்டுப்போட்டு வேறு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒற்றைப்படையில் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. நான்கு பிரதி வைத்தால் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். அப்படியானால் ஒன்று கெட்டால்தான் தாங்கும், மூன்று வைத்தாலும் அதே ஒன்றுதான். நான்காவது வீண் செலவு. நம் முன்னோர் பஞ்சாயத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தது நினைவுக்கு வந்தது.

இந்தத் தலைமை அலுவலகம் முழுவதும் ஒரு மணி நேரம் நின்றுபோனாலும், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதிதாக எதுவும் நடக்காது, அவ்வளவுதான். தாலுகா ஆபீஸில் ஸ்டிரைக் என்றால் பட்டா மாறாது. ஏர் ஓட்டுவது நிற்குமா?

பென்சில் குறிப்பு

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். “ஒருத்தன் ரிஜிஸ்டர்ல எழுதாம, நேரா கம்ப்யூட்டருக்கே போய்க் கையால ஏதாவது மாத்திட்டா?”

“நிக்காதுப்பா. அந்தப் பாட் செத்துப் புதுசு வரும்போது ரிஜிஸ்டர்ல இருக்கிறபடிதான் வரும். கையால மாத்தினது போயிடும். அதனால எதை மாத்தினாலும் எழுத்துல மாத்தணும். எங்களுக்கு முதல் பாடமே அதுதான்.”

எனக்கும் அது பாடமாகத்தான் வந்தது. ஆனால் தாமதமாக.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டுப் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. மணியமும் கர்ணமும் ஒரே நாளில் இல்லாமல் போயின. சட்டப்படி வாரிசுரிமை முன்பே போய்விட்டாலும், நடைமுறையில் பல ஊர்களில் தாத்தா, அப்பா, மகன் என்றுதான் அந்த வேலை வந்துகொண்டிருந்தது. அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அந்த இடத்துக்குத் தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் நானும் ஒருவன்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். நான் போய்ச் சேர்ந்தபோது பழைய கர்ணம் கணக்குப் பெட்டியைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். அறுபதை நெருங்கிய மனிதர். வேலை போன வருத்தம் முகத்தில் இருந்தது, ஆனால் ஒரு கட்டைக்கூட ஒளித்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“தம்பி, இதுல இருக்கிறது பாதிதான். மீதி இங்க இருக்கு” என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “சந்தேகம் வந்தா தயங்காம வந்து கேளுங்க.”

நான் போகவில்லை. முதல் காரணம் கூச்சம். அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே எப்படிப் போய்க் கேட்பது? இரண்டாவது காரணம், இப்போது ஒத்துக்கொள்கிறேன், கர்வம். பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வந்தவன் நான்.

அது யூ.டி.ஆர். காலம். 1979-ல் ஆரம்பித்து 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அந்த வேலையில் என் கிராமத்துக் கணக்கைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய அடங்கலில் ஒரு இடத்தில் இரண்டு உட்பிரிவுகளுக்கு எதிரே ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. அம்புக்குறி மாதிரி ஒன்று, ‘மாற்று’ என்று ஒரு வார்த்தை. மையில் இருந்ததை எழுதினேன். பென்சிலை விட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் அதன் பொருள் தெரிந்தது. பங்காளிகள் இரண்டு பேர், தங்கள் துண்டுகளை ஒரு தலைமுறைக்கு முன்பே வாய்ப்பேச்சில் பரிவர்த்தனை செய்துகொண்டிருக்கிறார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்ததை இவர் எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அவருக்குக் கொடுத்திருக்கிறார். பத்திரம் இல்லை. கர்ணத்துக்குத் தெரியும், பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இருந்தவரை ஒரு தகராறும் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்து, ஒருவர் பட்டாவை வைத்துக் கடன் வாங்கப் போனபோது வெடித்தது. பட்டாவில் கிணற்றோரத் துண்டு அடுத்தவர் பெயரில். அவர் பிள்ளை பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு வேலி போட வந்துவிட்டான்.

வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போனது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சர்வேயர் எல்லோரும் ஒழுங்காகத் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள். எல்லோரும் பதிவேட்டைப் பார்த்தார்கள். பதிவேடு சொன்னபடி தரையை மாற்றப் பார்த்தார்கள். பதிவேடு தவறு என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். பென்சில் குறிப்பு இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது என்றேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். கூண்டில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது?

வழக்கு கடைசியில் சமாதானத்தில் முடிந்தது. ஆனால் அதற்குள் கிணறு தூர்ந்துவிட்டது. இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை.

பதிவேட்டின் பலமும் ஆபத்தும் ஒன்றேதான் என்பதைத்தான் இத்தனைக்கும் பிறகு நான் புரிந்துகொண்டேன். ஆள் மாறினாலும் ஊர் நடக்கும், கம்ப்யூட்டர் எரிந்தாலும் ஆட்டம் தெரியும். எந்தத் தனி மனிதரையும் நம்பி இல்லை என்பது நல்ல ஏற்பாடுதான். கர்ணத்தின் தயவுக்காகத் திண்ணையில் காத்துக் கிடந்த ஏழைகளைக் கேட்டால், பழைய முறை போனது நல்லது என்றுதான் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் எல்லோரும் ஒரு பதிவேட்டுக்குக் கட்டுப்படுகிறார்கள் என்றால், அதில் ஒரு பிழை விழுந்தால் அந்தப் பிழைக்கும் எல்லோரும் அதே விசுவாசத்தோடு கட்டுப்படுவார்கள்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். அவர்கள் தொழிலில் கம்ப்யூட்டர்களை வீட்டு நாய் மாதிரிப் பெயர் வைத்து வளர்க்கக் கூடாதாம். மந்தை மாடு மாதிரி வைத்துக்கொள்ள வேண்டுமாம், ஒன்று போனால் இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊரில் எந்த மாட்டுக்குப் பெயர் இல்லை? செவலை, மயிலை, லட்சுமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மாடு உண்டா? இதை எழுதியவர்கள் மாட்டுப் பொங்கல் பார்த்ததில்லை போலும்.

“சரிம்மா, பெட்டி செத்தா அதுக்குள்ள இருந்தது என்ன ஆகும்?”

“போயிடும்பா. அதனால முக்கியமானதைப் பெட்டிக்குள்ள வைக்கமாட்டோம். வெளியில தனியா ஒரு இடத்துல எழுதி வைப்போம். பெட்டி போனாலும் அது இருக்கும். புதுப் பெட்டி வந்து அதை எடுத்துக்கும்.”

அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. கர்ணம் நெற்றியைத் தொட்டுக் காட்டிய அந்தப் பாதியை, நான் ஒரு நாள் மாலை போய் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதியிருக்கலாம். ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு மணி நேரமும்தான் செலவு. செய்யவில்லை.

நம்மில் பலர் எழுபதை நெருங்குகிறோம், சிலர் தாண்டிவிட்டோம். ஏரி மதகில் யாருக்கு எந்த முறை, எந்தப் பாதை யார் கொடுத்தது, எந்தக் கல் எந்த வெள்ளத்தில் நகர்ந்தது என்று நமக்குத் தெரிந்தது பாதிக்கு மேல் நெற்றிக்குள்தான் இருக்கிறது. தயவுசெய்து ஒரு நோட்டு வாங்குங்கள். மையில் எழுதுங்கள், பென்சிலில் வேண்டாம். எழுதியதைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள்.

நான் என்னுடையதை ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் அந்த இரண்டு உட்பிரிவுகளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.